கொடியில் ஏறிய உயிர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்தை நெருங்கும்போது, தாமிரபரணியின் தென்கரையில் செம்மண்ணும் பருக்கைக் கற்களும் நிறைந்த மேடு ஒன்று தென்படும். ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பரம்புதான் ஆதிச்சநல்லூர். அறுபடை வீடுகளுள் ஒன்றான செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள் பலர், மண்ணுக்குள் தம் முன்னோர் தாழிகளில் துயில்வதை அறியாமலே அவ்விடத்தைக் கடந்து போகின்றனர்.

அந்த மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள்களுள் ஒரு வெண்கலச் சேவல் உண்டு. செந்தூர் வேலவன் கையில் ஏந்துவதும் சேவற்கொடியே. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களைச் சிந்திக்க வைத்திருக்கிறது. அக்கேள்வியைப் பின்தொடர்ந்தால், கொடியில் விலங்கையும் பறவையையும் எழுதும் வழக்கம் எங்கெங்கெல்லாம் பரவியிருக்கிறது, அதன் உட்பொருள் யாது என்பவை ஒவ்வொன்றாகப் புலப்படும். கோயில் கொடிமரத்தில் தொடங்கி, உலக நாடுகளின் கொடிகள் வரை நீளும் வரலாறு அது.

தாழிக்காட்டின் சேவல்

1876ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த டாக்டர் ஜாகோர் ஆதிச்சநல்லூரில் முதன்முதலாக அகழ்ந்தார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ, 1899ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் இங்கே விரிவாக அகழாய்வு நடத்தினார். ஈமத் தாழிகளும், இரும்பாலான வாள், வேல், சூலம் முதலிய கருவிகளும், பொன்னாலான மெல்லிய பட்டங்களும் கிடைத்தன. அவர் தொகுத்த பட்டியல் 1915ஆம் ஆண்டு அச்சேறியது. பொருள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

அவற்றுள் கண்ணைக் கவர்பவை வெண்கலக் கலங்களும் அவற்றின் மூடிகளும். மூடிகளின் உச்சியிலும் கலங்களின் விளிம்பிலும் உயிரினங்கள் வார்க்கப்பட்டுள்ளன. எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்கள். புலி, மான், யானை ஆகிய காட்டு உயிர்கள். சிறகு விரித்த பறவைகள். 2004ஆம் ஆண்டு தொடங்கிய மறு அகழாய்வில் கிடைத்த ஒரு தாழியின் ஓட்டில் ஒரு பெண்ணும், ஒரு செடியும், நாரையும், மானும், முதலையும் புடைப்பாக அமைந்திருந்தன. இவ்விடத்து மாதிரிகள் இரண்டின் கரிமக் காலக் கணிப்பு கி.மு. 905, கி.மு. 696 என்று 2019இல் வெளிவந்தது. ஆக, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொருநைக் கரையில் வாழ்ந்தவர்கள், இறந்தோருடன் வைத்த பொருள்களில் விலங்கு வடிவங்களுக்கு இடம் தந்திருக்கின்றனர்.

வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, இந்த வெண்கலச் சேவல்களையும், இரும்பு வேல்களையும், பொன் தகடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தார். காவடி எடுக்கும் அடியார்கள் வாயை மூடிக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பூட்டை அப்பொன் தகடுகள் நினைவூட்டுவதாக அவர் கருதினார். வேல், சேவல், வாய்ப்பூட்டு மூன்றும் முருக வழிபாட்டின் அடையாளங்கள் அல்லவா? அத்தகடுகள் நெற்றிப் பட்டங்களே என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. சேவல் வீட்டில் வளர்த்த உயிரின் உருவமாக மட்டுமே இருந்திருக்கலாம் என்பதும் மறுக்கத் தக்கதன்று. எழுத்துச் சான்று கிடைக்கும் வரை இதனை உறுதி என்று கூறலாகாது. ஆயினும், சேவல் தாழிக்குள் வைக்கப்பட்ட இடத்துக்கும் சேவற்கொடியோன் கோயில் கொண்டிருக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடுவது ஒரே ஆற்றின் கடைசிப் பகுதிதான் என்பதை எண்ணும்போது அன்பர் உள்ளம் சிலிர்க்காமல் இராது.

பகைவனே கொடியான கதை

முருகப் பெருமானுக்குச் சேவல் கொடியான வரலாற்றைக் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் விரித்துரைக்கிறது. போருக்கு முன்னர் இந்திரன் மயிலாகிப் பெருமானைத் தாங்கினான். அக்கினிதேவன் சேவலாகிக் கொடியில் அமர்ந்தான். சூரபதுமன் மாயப் போர்கள் பல புரிந்து, இறுதியில் கடல் நடுவே மாமரமாகி நின்றான். வேல் அம்மரத்தை இரு கூறாக்கியது. ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் சினந்து பெருமானை எதிர்த்து வந்தன. அவர் அருட்பார்வை பட்ட அளவில் சினம் தணிந்து பணிந்தன. மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று.

இங்கே நின்று சற்றே சிந்திக்க வேண்டும். வென்றவர் தோற்றவரை அழிப்பர், சிறை செய்வர், அல்லது காலடியில் கிடத்துவர். உலக வழக்கு அது. செந்திலாண்டவனோ தம்முடன் பொருதவனைத் தலைக்கு மேலே உயர்த்திக் கொடியில் வைத்தார். சூரசம்ஹாரம் என்று சொல்லப்பட்டாலும், அதனைப் பெரியோர் 'ஆட்கொண்ட' வரலாறாகவே போற்றுவர். இருள் அகன்றதை முதலில் அறிந்து உலகுக்கு அறிவிப்பது சேவல். ஆணவ இருளில் கிடந்த ஒருவனே விடியலை அறிவிக்கும் குரலாக மாறினான் என்பது அக்கொடியின் தத்துவம்.

சங்க நூல்களிலும் தெய்வங்களின் கொடிகள் பேசப்படுகின்றன. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். அங்கே சிவபெருமானுக்கு ஏறும், பலராமனுக்குப் பனையும், திருமாலுக்குக் கருடப் பறவையும், முருகனுக்கு மயிலும் கொடிகளாகச் சொல்லப்படுகின்றன. குறுந்தொகையின் கடவுள் வாழ்த்திலும் திருமுருகாற்றுப்படையிலும் முருகன் கோழிக்கொடியோனாகக் காட்சி தருகிறான். மயில், சேவல் இரண்டுமே அவன் கொடிகளாக அக்காலத்தவரால் போற்றப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

கொற்கையின் கயல்

ஆதிச்சநல்லூரிலிருந்து கிழக்கே சென்றால் கொற்கை. இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட, வயல் சூழ்ந்த சிற்றூராக இருக்கும் அவ்வூர், ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். முத்துக்குளித்துறையின் தலைநகரம். இங்கிருந்து ஆண்ட குலம் கொடியில் மீனை எழுதிக்கொண்டதில் வியப்பில்லை. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த சங்க காலப் பாண்டியர் காசின் ஒரு புறம் குதிரையும், மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன் சின்னமும் காணப்படுகின்றன. பிற்காலத்தில் ஒற்றைக் கயல் இணைக்கயலாயிற்று. இரு மீன்களும் நடுவே ஒரு செண்டும் அமைந்த பாண்டியர் இலச்சினையைத் தென்பாண்டி நாட்டுக் கோயில்களின் விதானங்களில் அண்ணாந்து பார்த்தால் இன்றும் காணலாம்.

மீன் கொடிச் சின்னமாவதற்கு முன்பே கடற்கரை மக்களின் வழிபாட்டில் இடம் பெற்றிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை நிலைநிறுத்தி வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. அதே நூல், துறைமுகத்தில் குவிந்த பண்டங்களின் மீது சோழனின் சுங்க அலுவலர் புலிச் சின்னம் பொறித்த காட்சியையும் வருணிக்கிறது. மூட்டையின் மீது புலி விழுந்தால் வரி தீர்ந்தது, பொருளுக்கு அரசின் காவல் உண்டு என்பது பொருள். கொடியில் பறந்த விலங்கே முத்திரையில் நம்பிக்கைக்கு உறுதிமொழியாயிற்று.

மதுரையில் இந்தக் கயல் அன்னையின் கண்ணாகிறது. அங்கயற்கண்ணி என்னும் திருநாமத்துக்குப் பெரியோர் கூறும் விளக்கம் அழகானது. மீனுக்கு இமை இல்லை, அது இமைப்பதில்லை. தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதுபோல அன்னை இமையாமல் உயிர்களைக் காத்துப் பார்வையாலேயே அருள் சுரக்கிறாள். அரசன் கொடியில் வெற்றியின் அடையாளமாக விளங்கிய மீன், அரசியின் கண்ணில் கருணையின் அடையாளமாயிற்று.

பாண்டியரின் இணைக்கயல் கடல் கடந்தும் சென்றது. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கையின் கோணமலையில் இணைக்கயல் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம் விளங்கும் தலம் அது. 1624இல் போர்த்துக்கீசர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். இன்று பிரெடெரிக் கோட்டை எனப்படும் அக்கோட்டையின் வாயிலில் இரு மீன்கள் பொறித்த கல் இன்றும் நிற்கிறது. கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர் அந்த மீன்களைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

புலியின் பக்கத்தில் மீனும் வில்லும்

மூவேந்தருள் சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் மீனையும் கொண்டனர். பல்லவருக்கு இடபம், சாளுக்கியருக்கு வராகம், விஜயநகர மன்னர்களுக்கும் வராகமே. கடம்பர் வானரக்கொடி உயர்த்தினர். சேதுபதி மன்னர்களின் விருதுப் பெயர்களில் அனுமக்கொடியும் கருடக்கொடியும் இடம் பெறுகின்றன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் கொடியில் நந்தி. அவர்கள் வெளியிட்ட காசுகளில் நந்தியும் 'சேது' என்னும் சொல்லும். 1619இல் அவ்வரசு போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தது.

இதிகாசத்திலும் இம்மரபு உண்டு. அர்ச்சுனன் தேர்க்கொடியில் அனுமன், துரியோதனன் கொடியில் அரவு, பீஷ்மருக்குப் பனை. போர்க்களத்துப் புழுதியில் முகம் தெரியாதபோது கொடிதான் தலைவனின் முகம். ஆனால் அர்ச்சுனன் கொடி வெறும் அடையாளமாக இல்லை. பீமனுக்கு அளித்த வாக்கின்படி அனுமன் அதில் எழுந்தருளியிருந்தார். துணி மீது வரைந்த ஓவியம் உயிருள்ள துணையாகிறது என்னும் இக்கருத்தே கோயில் கொடியேற்றத்தின் அடிப்படையுமாகும்.

மன்னர் கொடிகளின் மற்றொரு முகத்தையும் காண வேண்டும். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் அமர்ந்த புலியுடன் இரு மீன்களும் வில்லும் இருக்கின்றன. மேலே குடையும் சாமரங்களும் உள்ளன. குடைக்கும் சாமரத்துக்கும் உரியது புலியே. மீனும் வில்லும் அங்கே அமைந்தது, பாண்டியனும் சேரனும் அடங்கினர் என்று அறிவிப்பதற்காக. பின்னர் பாண்டியர் எழுச்சி பெற்றபோது கோணமலை வரை மீன் சென்றது. வென்றவர் கொடியில் தோற்றவர் அடங்கியவராகவே இடம் பெற்றனர். வென்ற கடவுளின் கொடியிலோ தோற்றவனே ஏறி நின்றான். அரசுக்கும் அருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

கொடிப்பட்டத்தில் எழுந்தருளும் தெய்வம்

சிவாலயக் கொடியில் இடபம், திருமால் கோயிலில் கருடன், விநாயகர் கோயிலில் மூஷிகம், அம்மன் கோயில்களில் சிங்கம் என ஆகம மரபு வகுத்துள்ளது. நெல்லைச் சீமையில் 'கொடிப்பட்டம்' என்று வழங்கும் அத்துணியின் நடுவே வாகனத்தின் உருவத்தை எழுதி, சூரிய சந்திரரையும், குடை, சாமரம், பூரண கும்பம் முதலிய மங்கலச் சின்னங்களையும் வரைவர். பின்னர் கண் திறந்து, மந்திர பூர்வமாக உயிர்ப்பு அளித்து, நைவேத்தியம் படைப்பர். வீதியுலா வந்த கொடிப்பட்டம், மேளமும் வேத முழக்கமும் ஒலிக்க, கொடிமரத்தில் ஏறும். கொடிமரத்துக்கு அபிஷேகம் செய்து, தர்ப்பைப் புல்லும் வஸ்திரமும் சாத்தித் தீபாராதனை காட்டுவர். அன்று முதல் கொடி இறங்கும் வரை ஊர் முழுவதும் இறைவனின் விழா வளையத்துக்குள் இருக்கிறது. கொடி ஏறிய பின் ஊரை விட்டுப் புறப்படலாகாது என்று முன்னோர் விதித்த கட்டுப்பாடும் இதனால்தான்.

கொடியில் ஏறும் வாகனத்தின் பணி யாது? விழாவுக்குத் தேவர்களையும் திசைக் காவலர்களையும் அழைப்பது. கருடன் எட்டுத் திசைக்கும் தூது செல்பவன். இடபம் தருமத்தின் வடிவம். அவர்களுக்குப் படைத்த பிரசாதத்தை, சில வைணவத் தலங்களில், மகப்பேறு வேண்டும் பெண்கள் பக்தியோடு பெற்று உண்கின்றனர். ஆகவே கோயில் கொடியில் இருக்கும் உயிர், யாரையும் அச்சுறுத்த ஏறவில்லை. அழைப்பதற்காக ஏறியிருக்கிறது.

பொருநைக் கரையில் இம்மரபைக் கண்குளிரக் காணலாம். ஸ்ரீவைகுண்டத்தில் நவகயிலாயத் தலமும் நவதிருப்பதித் தலமும் ஒரே ஊரில் அமைந்துள்ளன; ஒரு கோயிலில் இடபம், மற்றொன்றில் கருடன். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஒன்பது கருட வாகனங்களில் எழுந்தருள, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்ளும் காட்சியைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். அங்கிருந்து கடலை நோக்கிச் சென்றால் செந்தூரில் சேவலும் மயிலும். ஒரே நதி இத்தனை கொடிகளுக்கும் நீர் வார்க்கிறது.

கருடத்துவஜத்துக்கு வேற்று நாட்டவர் ஒருவரும் தலைவணங்கிய சான்று மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. விதிஷாவுக்கு அருகே பெஸ்நகரில் நிற்கும் கல்தூணைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியவர் ஹீலியோடோரஸ் என்னும் கிரேக்கத் தூதர். தட்சசீலத்திலிருந்து வந்த அவர், தேவதேவனான வாசுதேவனுக்கு இந்தக் கருடத் தூணை எடுப்பித்ததாகக் கல்வெட்டில் குறித்துள்ளார்.

நாடுகளின் கொடிகளில்

இன்றைய நாடுகள் பலவும் தம் கொடியில் விலங்கையோ பறவையையோ வைத்துள்ளன. பூடான் நாட்டுக் கொடியில் வெண்ணிற நாகம் போன்ற இடிமுழக்கத் தெய்வ விலங்கு, நகங்களில் மணிகளைப் பற்றியபடி நெளிகிறது. வெண்மை தூய்மையையும், மணிகள் செல்வத்தையும் குறிப்பன. மெக்சிகோ கொடியில் கள்ளிச் செடி மேல் அமர்ந்த கழுகு பாம்பைக் கவ்வியிருக்கிறது. அக்காட்சி தென்படும் இடத்தில் நகரம் அமைக்குமாறு அங்குள்ள பழங்குடியினரின் தெய்வம் ஆணையிட்டதாகப் புராணம். கருடனையும் அரவையும் அறிந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அல்பேனியாவின் சிவப்புக் கொடியில் இருதலைக் கழுகு; நம் மைசூர் அரசின் இலச்சினையும், இன்றைய கர்நாடக அரசின் சின்னத்தில் இடம் பெறுவதும் இருதலைப் பறவையாகிய கண்டபேரண்டம்.

எல்லா நாடுகளும் கொன்றுண்ணும் உயிர்களையே தேர்ந்தெடுக்கவில்லை. உகாண்டா தன் கொடியின் நடுவே சாதுவான கொண்டைக் கொக்கை வைத்திருக்கிறது. ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும் அது, நாடு முன்னேறிச் செல்வதன் குறி. பப்புவா நியூ கினியின் கொடியில் பறப்பது சொர்க்கப் பறவை. 1971இல் அக்கொடியை வடிவமைத்தவர் ஒரு பள்ளி மாணவி. டொமினிக்கா தன் தீவில் மட்டுமே வாழும் கிளியைக் கொடியில் ஏற்றியுள்ளது.

அண்டை நாடான இலங்கையின் கொடி தமிழர் மனத்தைத் தொடும் வரலாறு கொண்டது. வாளேந்திய சிங்கம் கண்டி அரசின் கொடியில் இருந்தது. அந்த அரசின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், தென்னாட்டு நாயக்கர் வழியினர். 1815இல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்து வேலூருக்குக் கொண்டு வந்தனர். 1832இல் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்னும் அவரது நினைவிடம் உள்ளது. அவருடைய கொடி லண்டனுக்குச் சென்றது; பின்னாளில் செல்சீ அரச மருத்துவமனையில் அதனை ஈ.டபிள்யூ. பெரேரா கண்டறிந்தார். 1948 பிப்ரவரி 4ஆம் நாள் விடுதலையின்போது சிங்கக்கொடியே ஏற்றப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் தமக்கு அதில் இடம் எங்கே என்று கேட்டனர். 1951இல் காவியும் பச்சையுமாக இரு பட்டைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் அப்பட்டைகள் சிங்கம் நிற்கும் களத்துக்கு வெளியே அமைந்தன. கொடிக் குழுவில் உறுப்பினராக இருந்த செனட்டர் எஸ். நடேசன் இம்முடிவுக்கு உடன்படாமல் தம் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். 1972இல் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் இடம் பெற்றன.

கொடியில் யார் நடுவே, யார் ஓரத்தில் என்பது துணியளவில் சிறு செய்தி. ஒரு நாட்டில் கூடி வாழ்வோருக்கு அது நெஞ்சைத் தொடும் செய்தி. அதே தீவின் கதிர்காமத்தில் சிங்களரும் தமிழரும் ஒரே வேலவன் முன் கைகூப்புகின்றனர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. பகைத்தவனையும் ஓரத்தில் நிறுத்தாமல் கொடியின் நடுவிலேயே வைத்தவர் அப்பெருமான்.

சிங்கத்தின் மேல் சக்கரம்

பாரத நாட்டுக்குக் கொடி வகுக்க நேர்ந்தபோது பெரியோர் என்ன செய்தனர்? புலியும், கயலும், இடபமும், வராகமும், கருடனும், அனுமனுமாகக் கொடிகள் பறந்த நாடு இது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றுக்கு உரியவர் மனம் வருந்தக்கூடும். 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற மூவண்ணக் கொடியில் உயிரினம் எதுவும் இல்லை. நடுவே இருப்பது 24 ஆரங்கள் கொண்ட அசோகரின் தருமச்சக்கரம்.

அச்சக்கரம் சாரநாத் தூணின் போதிகையிலிருந்து எடுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26ஆம் நாள் அரசு முத்திரையாக ஏற்கப்பட்ட நான்முகச் சிங்கமும் அதே போதிகையைச் சேர்ந்ததே. சிங்கங்களின் கீழே உள்ள பீடத்தில் யானை, குதிரை, இடபம், சிங்கம் ஆகிய நான்கும், அவற்றின் இடையிடையே சக்கரங்களும் செதுக்கப்பட்டுள்ளன. காண்போர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த நான்கு சிங்கங்களின் தலைக்கு மேல் பெரிய கல் சக்கரம் ஒன்று முன்பு இருந்தது. அது உடைந்து, அதன் துண்டுகள் மட்டுமே அகழாய்வில் கிடைத்தன. அதாவது, சிங்கத்தின் வலிமை உச்சியில் இல்லை. வலிமை, தருமத்தைத் தலைமேல் தாங்கி நின்றது. கோயிலில் இடபமும் கருடனும் இறைவனைத் தாங்கி நிற்பதும் இதே நெறியில்தான்.

ஊர் திரும்பும் சேவல்

2020ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், தொல்லியல் சிறப்புள்ள ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழ்ந்த குழிகளைத் தாழிகள் இருந்தவாறே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் தளக் காட்சியகமும் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் இங்கிருந்து எழும்பூருக்கும் பெர்லினுக்கும் சென்ற பொருள்களைப் பிறந்த மண்ணிலேயே காண வேண்டும் என்பது தென்மாவட்ட மக்களின் நெடுநாள் விருப்பம். அது நியாயமானதே. பொருநைக் கரையில் வார்த்த வெண்கலச் சேவலை அக்கரையிலேயே காணும் பேரப்பிள்ளைக்கு, செந்தூர்க் கொடியின் பொருளைத் தாத்தா தனியே விளக்க வேண்டியிராது.

செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள், வழியில் ஒரு நாழிகை ஆதிச்சநல்லூரில் இறங்கிச் செல்லலாம். மாசித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் கொடியேறும் நாளில் சந்நிதிக்கு வருவோர், கூட்டத்தின் நடுவே கணப்பொழுது அண்ணாந்து பார்க்க வேண்டும். இறைவன் முன் விழுந்து வணங்கும் இடம் கொடிமரத்தடி என்று நம் முன்னோர் வகுத்தனர். பலிபீடத்தில் ஆணவத்தைப் பலியிட்டு, கொடிமரத்தின் கீழ் உடலைக் கிடத்தி எழும் அடியவனுக்கு, மேலே பறக்கும் சேவல் தன் கதையையே சொல்கிறது. தானும் ஒரு காலத்தில் எதிர்த்து நின்றவன்தான் என்கிறது. தன்னை உயர்த்தியவர் எவரையும் கைவிட மாட்டார் என்கிறது. அந்த உறுதிமொழியைக் கேட்ட நெஞ்சத்திலிருந்துதான் 'வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா' என்னும் முழக்கம் எழுகிறது.